இடது காலுக்கு வேலையில்லாத கார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, களவெடுத்தேன்.

பதினாறு நாளைக்கு முன்னர், கிண்ணியாவில் அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிண்ணியாத் துறையில் பாலம் கிடையாது. வாகனத்தையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை ஒன்று உண்டு. அதைத்தான் நாங்கள் ‘பாதை’ என்போம். பாதையில் எனக்குப் பக்கத்தில் ஒரு கார். காருக்கு வெளியே சாரனும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு சாரதி. ஐம்பது வயது இருக்கலாம். இடது முழங்காலைத் தேய்த்தபடி, கூட நின்றவரிடம் சொன்னார்:

“கியர் கார் வாங்கினா என்ட கால் போயிரும். ஓட்டோ கியர் வாங்கினா என்ட வேல போயிரும். எதை வாங்குறதெண்டு மொதலாளி என்னட்டத்தான் கேக்கிறார்.”

கூட நின்றவர் சிரித்தார். சாரதி சிரிக்கவில்லை. பாதை கரை தட்டியது. அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மிச்சம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: ‘கொட்டியாரக் குடாவின் நீலத்தில் அந்திச் சூரியன் தன்

(தன் எதை? அரை மணித்தியாலம் யோசித்தேன். பழைய கார் வாங்கும் கதையில் சூரியனுக்கு என்ன அலுவல்? விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் தொடக்கம் மேற்படி விடயம் சம்பந்தமாக

(துறைமுக அலுவலகத்தில் இருபது வருடம் அறிக்கை எழுதிய கை. சும்மா விட்டால் ‘இத்தால் அறியத்தருகிறேன்’ என்று முடிக்கும்.)

மூன்றாம் தொடக்கம்: ‘பக்கீருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை, இதுவரை அதற்குத் தேவை வரவில்லை.’

இதை வைத்துக்கொண்டேன். பக்கீர் என்பது நான் வைத்த பெயர். கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஸெய்னுதீன் ஹாஜியாரிடம் பத்தொன்பது வருடமாகச் சாரதி. மனைவி சுபைதா, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. ஹாஜியாரின் பழைய கார் இந்த வருடம், அதாவது எழுபத்தொன்பதில், இனி ஏலாது என்று படுத்துவிட்டது. விலைக்கு இரண்டு கார் இருக்கின்றன. ஒன்று ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் ஓய்வுபெற்ற டொக்டருடையது. கிளச் மிதித்துக் கியர் மாற்றி ஓட்டும் வழக்கமான கார். மற்றது கப்பல் கம்பனி அதிகாரி ஒருவருடைய யப்பான் கார். தானாகக் கியர் மாறும்.

இங்கே ஒரு சிக்கல். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில்கூட இறங்கும்போது மதில் வேண்டும். ஆகவே கார் திருத்தும் அன்ஸார் பாஸின் கராஜுக்குப் போய், கிளச் என்றால் என்னவென்று கேட்டேன்.

“தரகர் மாதிரி ஐயா,” என்றார் அன்ஸார். “இஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில நிக்கிறவர். நீங்க மிதிச்சா ரெண்டு பேரையும் பிரிச்சு வைப்பார். விட்டா சேத்து வைப்பார். ஓட்டோ கியருல தரகர் தேவல்ல, அவங்களே பேசி முடிச்சிருவாங்க.”

கேட்டு எழுதிக்கொண்டேன். அன்ஸாருக்கு அது போதவில்லை. ஒரு பழைய லொறியின் ஆசனத்தில் என்னை ஏற்றி இருத்தி, நாற்பது தடவை கிளச்சை மிதிக்கச் சொன்னார். அன்று மாலை அன்புவழிபுரத்தில் என் வீட்டுப் படி மூன்றையும் நான் சுவரைப் பிடித்துத்தான் ஏறினேன். பக்கீர் இதைப் பத்தொன்பது வருடம் செய்திருக்கிறார். பாதையிலிருந்து இறங்கி ஈரமான ஏற்றத்தில் காரைக் கரையேற்றும்போது, பாதிக் கிளச்சில் காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பிடிக்க வேண்டும். அந்த முழங்கால் நோகாமல் என்ன செய்யும்?

3

முதல் பிரதியில் ஹாஜியாரைக் கொடியவராக எழுதினேன். வயிறு கொடுத்தேன், தங்க மணிக்கூடு கொடுத்தேன், ‘அடேய் பக்கீர்!’ என்று கத்தவும் வைத்தேன். எழுதச் சுகமாக இருந்தது.

என் மனைவி இரத்தினேஸ்வரி வாசித்தாள். என் கதைகளின் முதல் வாசகி அவள்தான். பல கதைகளுக்குக் கடைசி வாசகியும்.

“இவர் இவ்வளவு பொல்லாதவர் எண்டால், அந்த மனிசன் பத்தொன்பது வருசம் ஏன் நிண்டவர்?” என்று கேட்டாள்.

வயிற்றையும் மணிக்கூட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். இப்போது ஹாஜியார் நல்லவர். பெருநாளுக்குப் பக்கீர் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் ஒரே கடையில் துணி எடுப்பவர். அவருக்கு ஓர் ஆசை மட்டும் உண்டு: தானே கார் ஓட்ட வேண்டும். மூன்று முறை பழகினார். முதல் முறை ஆலையின் நெல் மூட்டைகளுக்குள் போனார். இரண்டாம் முறையும் அதே மூட்டைகள். மூன்றாம் முறை மூட்டைகளை அப்புறப்படுத்திவிட்டார்கள், சுவருக்குள் போனார்.

“கிளச்சுக்கும் எனக்கும் ஒத்துவராது பக்கீர்,” என்று அன்றோடு பின் ஆசனத்துக்குப் போய்விட்டார்.

(ஹாஜியார் நல்லவரானதும் கதை இலகுவாகும் என்று நினைத்தேன். கெட்டவரிடம் பொய் சொல்ல வைப்பது சின்ன வேலை. நல்லவரிடம் என்ன சொல்ல வைப்பது?)

4

சரி, கதை.

டொக்டரின் காரைப் பக்கீர் முதலில் ஓட்டிப் பார்த்தார். நல்ல இஞ்சின். கிளச் மட்டும் கொஞ்சம் இறுக்கம். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இடது முழங்காலுக்குள் யாரோ ஊசி ஏற்றுவது போல் இருந்தது. முகத்தில் காட்டவில்லை. இரண்டு வருடமாக அவர் முகத்தில் காட்டியதில்லை. இராவில் சுபைதா எண்ணெய் தேய்த்துவிடுவது ஹாஜியாருக்குத் தெரியாது.

“எப்படி?” என்றார் பின்னால் இருந்த ஹாஜியார்.

“பரவால்ல, ஹாஜியார்.”

அடுத்தது யப்பான் கார். பக்கீர் ஏறி உட்கார்ந்து காலடியைப் பார்த்தார். மூன்று மிதி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. இடது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் தடவினார். பிறகு சாரனை ஒதுக்கி, காலை ஓரமாக வைத்துக்கொண்டு காரை எடுத்தார்.

உட்துறைமுக வீதியில் கார் எண்ணெய் போல ஓடியது. ஒரு மாடு குறுக்கே வரும் வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. மாட்டைக் கண்டதும் பத்தொன்பது வருடப் பழக்கம் விழித்துக்கொண்டது. கிளச்சை மிதிக்க இடது கால் பாய்ந்தது. அங்கே கிளச் இல்லை. அகலமான பிரேக்தான் இருந்தது. கிளச்சை மிதிக்கிற பலத்தில் பிரேக்கை மிதித்தால் என்ன நடக்கும்? கார் அந்த இடத்திலேயே நட்டுக்கொண்டு நின்றது. பின்னாலிருந்த ஹாஜியார் முன்னால் வந்தார். அவருடைய தொப்பி அவருக்கும் முன்னால் வந்து பக்கீரின் மடியில் விழுந்தது.

மாடு நிதானமாகக் கடந்து போனது.

“என்ன பக்கீர், கொல்லப் பாக்கிறியா?”

“கால் பழக்கம் ஹாஜியார். இதுல இந்தக் காலுக்கு வேல இல்ல.”

(எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. இங்கேயே முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள்.)

மறுபடி எடுத்தார். இப்போது இடது காலை ஆசனத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பினார். திரும்பும்போதுதான் கவனித்தார்: நோவு இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு காரை முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டியிருக்கிறார். இளவட்டமாக இருந்தபோது லைசன்ஸ் எடுத்த அன்று இருந்த சந்தோசம் திரும்பி வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது, பாட்டு வந்தது. இந்தக் காரில் இன்னும் இருபது வருடம் ஓட்டலாம்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஹாஜியார் ஆசனத்தின் நுனிக்கு வந்து, இரண்டு ஆசனங்களுக்கும் இடையால் எட்டி, பக்கீரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருநாள் உடுப்பைக் கண்ட பிள்ளையின் முகம்.

“கிளச் இல்லையா பக்கீர்? மெய்யாவே இல்லையா? அப்ப இதை நானும் ஓட்டலாம் போல கிடக்கே!”

பாட்டு நின்றுவிட்டது.

அதிகாரி வீட்டு வாசலில் இறங்கியதும் ஹாஜியார் பக்கீரின் தோளில் கை போட்டார். “எனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்? நீ சொல்லு. நீ எதைச் சொல்றியோ அதை வாங்குவம்.”

பக்கீர் வாயைத் திறந்தார்.

5

திறந்த வாயோடு அவரை நிறுத்திவிட்டு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. பொய். “ஓட்டோ கியர் பாதைக்குச் சரிவராது ஹாஜியார். கியருல போட்டு நிறுத்தேலா. தண்ணி அசைஞ்சா காரும் கடலுக்குள்ள போயிரும்.”* ஹாஜியார் நம்புகிறார். டொக்டரின் காரை வாங்குகிறார்கள். நாலு மாதம் கழித்து, பாதையிலிருந்து கரையேறும் ஏற்றத்தில் பக்கீரின் முழங்கால் மடங்குகிறது, கார் பின்னால் உருளத் தொடங்குகிறது, ஹாஜியார்

(நிறுத்திவிட்டேன். ஒரு பொய்க்காக இரண்டு பேரைத் தண்ணீரில் தள்ளும் அளவுக்கு நான் பொல்லாதவன் அல்லன்.)

* இதைக் கேட்டு அன்ஸார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டோ கியரிலும் காரை அசையாமல் பூட்டி நிறுத்த ஓர் இடம் உண்டாம்.

ஆ. உண்மை. “யப்பான் கார்தான் நல்லது ஹாஜியார்.” மூன்றே நாளில் ஹாஜியார் ஓட்டப் பழகிவிடுகிறார். நாலாம் நாள் பக்கீர் காரைக் கழுவித் துடைத்து, கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடக்கிறார். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. இரத்தினேஸ்வரியைக் குசினியிலிருந்து கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “உங்களுக்கு இருபத்தைஞ்சாம் திகதி சம்பளம் வருது. அவருக்கு?”

“இது கதையப்பா.”

“ஓம், கதைதான். உங்களுக்குச் செலவில்லாத கதை.”

குசினிக்குத் திரும்பிப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அரை மணித்தியாலத்தில் வெட்கமும் வந்தது. என் கதைகளில் இதுவரை எத்தனை ஏழைகளை உண்மை பேச வைத்து வேலை போக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர். ஒருவருக்கும் நான் வேறு வேலை தேடிக்கொடுக்கவில்லை.

இ. முழங்காலைச் சொல்வது. பக்கீர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், நோவையும் பயத்தையும். ஹாஜியார் கலங்கிப்போகிறார். “ஏன் எனக்குச் சொல்லல்ல? இனி நீ ஓட்டவே வேணாம். ஆலையில ஒரு கதிரை போட்டுத் தாறன். சும்மா இரு.” நல்ல மனிதர் அல்லவா, வேறென்ன சொல்வார்? மறுநாளிலிருந்து பக்கீர் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு காலையும் ஹாஜியார் காரை எடுத்துக்கொண்டு போகிறார். பக்கீர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

(நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். பிறகு ஏன் அதற்கு மேல் ஒரு வரியும் எழுத வரவில்லை?)

6

இந்த இடத்தில் கதை நாலு நாள் கிடந்தது. நேற்று, என் கதையை அறிந்த அன்ஸார் பாஸ் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்: ‘முழங்கால்காரர் நாளைக் காலை கராஜுக்கு வருகிறார்.’

போனேன். முற்றத்தில் இரண்டு கார் நின்றன. நான் கற்பனை செய்த காரெல்லாம் வெள்ளை. இவை ஒன்று பச்சை, மற்றது மண்ணிறம். வாங்கலாமா என்று அன்ஸார் ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டு சோதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே சாரதி. பெயர் அலியார். பக்கீரைவிட நல்ல பெயர்தான்; என்ன செய்ய, அத்தனை பக்கம் எழுதியாயிற்று.

பாதையில் அவர் பேச்சை ஒட்டுக்கேட்டதையும் கதை எழுதுவதையும் ஒப்புக்கொண்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

“அப்ப முடிவு எழுதிட்டீங்களா?” என்று கேட்டார்.

“நீங்கள் என்ன சொன்னீர்கள், முதலாளிக்கு?”

“இன்னும் சொல்லல்ல. நாளைக்கு ஜும்மா முடிஞ்சு சொல்றன் எண்டிருக்கன். உங்கட கதையில என்ன நடக்கிது?”

ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார், இடது காலை நீட்டி. நான் மூன்று முடிவையும் வாசித்தேன். வழி கேட்டவர் வழி சொல்பவரின் வாயைப் பார்ப்பது போல என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி விழுந்த கதையை இடையில் சொன்னபோது மட்டும் சிரித்தார். “எனக்கும் அதுதான் நடந்த. மாடு இல்ல, ஒரு ஆடு.” கதிரை வந்ததும் சிரிப்புப் போய்விட்டது.

“கதிரையா?” என்றார். நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

பிறகு சொன்னார்: “இந்த மூணும் எனக்குத் தெரியும் ஐயா. ரெண்டு கிழமையா நித்திரையில்லாம இதைத்தான் யோசிக்கிறன். நீங்க படிச்ச ஆள். நாலாவது ஒண்டு இருக்கா?”

நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். இல்லாத ஒன்றைத் தேடுகிறேன் என்று தெரிந்தும் கடைசித் தாள் வரை புரட்டினேன்.

“இல்லை,” என்றேன்.

“சரி,” என்றார் அலியார். என்னைத் தேற்றுவது போலத்தான் சொன்னார். எழும்பிப் போய், காருக்கு அடியில் கிடந்த அன்ஸாருக்கு ஸ்பேனர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று வியாழக்கிழமை. நாளை பள்ளிவாசலிலிருந்து வந்ததும் முதலாளி கேட்பார். கால் போகாத, வேலையும் போகாத, கதிரையும் இல்லாத ஒரு பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால், அன்ஸார் கராஜ், உட்துறைமுக வீதி, திருகோணமலை என்ற விலாசத்துக்குத் தந்தி அடியுங்கள். அலியார் என்று போடுங்கள். என் பெயர் வேண்டாம். கடிதம் மட்டும் எழுதாதீர்கள். கடிதம் சனிக்கிழமைதான் வந்துசேரும்.