டப்பாக்காரிக்காக அழுதவர்கள்

தைஷின் என்ற அந்தப் பயலை எனக்கு முதல் எபிசோடிலேயே பிடிக்காமல் போயிற்று. ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம். அதில் ஒன்றுக்கும் உதவாத இவன். இவனைச் சுற்றி நான்கு பெண்கள். ஒருத்தி பணக்காரி, ஒருத்தி வகுப்புத் தலைவி, ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்த பாட்டுக்காரி. நான்காவது நத்சுகோ, இவனுடைய அத்தை மகள். தினமும் விடியுமுன் எழுந்து இவனுக்குச் சோறு கட்டி டப்பாவில் கொண்டுவருவாள். நான்கு பேரில் யாரைப் பிடிக்கும் என்று மட்டும் இவன் வாயைத் திறந்து சொல்லமாட்டான். தலையைச் சொறிவான், முகம் சிவப்பான், ஓடிப்போவான். இதைக் காமெடி என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் ஒரு எபிசோடுகூட விடாமல் பார்த்தேன். பார்த்தே ஆகவேண்டும். என் மாமா மகன் தௌசீப் இந்த மாதிரி அனிமே கதைகளைப் பற்றித் தமிழில் பேசி யூடியூபில் போடுகிறவன். நாற்பதாயிரம் பேர் அவனைப் பின்தொடர்கிறார்கள். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. மும்பை சயானில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன். நான் தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதனால் வீடியோவுக்குத் தலைப்பு எழுதுவது, தமிழில் வரும் கமெண்ட்டுகளை வாசித்து வாய்ஸ் நோட்டாக அனுப்புவது, அவன் சொல்லும் பதிலை டைப் அடித்துப் போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. எனக்கு ஐரோலியில் ஆபீஸ். போகும்போதும் வரும்போதும் ரயிலில் பெண்கள் பெட்டியில் நசுங்கி நின்றபடி, போனை வாயருகே வைத்து ஊரான் வீட்டுக் கமெண்ட்டுகளை ஒப்பித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், தௌசீப் எனக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை. என் வாப்பா இறந்த நாற்பதாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, மாமா அப்துல் ரவூப் எழுந்து நின்று, "சஃப்ரீன் எங்க வீட்டுக்குத்தான்" என்று சொன்னார். அன்று உம்மா அழுதது நிம்மதியில்தான். மூன்று வருடமாகிவிட்டது. அதன்பின் வந்த நல்ல இடங்களையெல்லாம் "புள்ளைய பேசி வச்சிருக்கு" என்று உம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். தௌசீபிடம் தேதி கேட்டால், சேனல் கொஞ்சம் செட் ஆகட்டும் என்பான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஆசை இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? அவனுக்குத் தலைப்பு எழுதும்போது என் வீட்டு வேலையையே செய்வதுபோல இருந்தது.

பதினோராவது எபிசோடில் நத்சுகோ மழையில் ஒரு மணி நேரம் டப்பாவோடு நிற்கிறாள். தைஷின் பாட்டுக்காரியோடு ஒரே குடையில் வேறு வழியாகப் போய்விடுகிறான். அதற்குத் தௌசீப் சொன்ன தலைப்பு, "டப்பாக்காரி ஏன் தோற்கவேண்டும்?" டைப் அடித்துப் போட்டேன். வீடியோவை அப்புறம்தான் பார்த்தேன். கூடவே வளர்ந்த பெண் மீது யாருக்கும் காதல் வராதாம். அவளே கையில் இருக்கும்போது அவளைத் தேடிப் போவானேன் என்று சிரிக்கிறான்.

கமெண்ட்டுகள் கொட்டின. மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண், "அத்தை மகள் நீ இருக்கும்போது நேற்று வந்தவளுக்கு என்ன உரிமை? விடாதே நத்சுகோ" என்று எழுதியிருந்தாள். இந்திக்காரர்கள் சிலர் அத்தை மகள் என்றால் தங்கை அல்லவா, சீ என்று முகம் சுளித்தார்கள். அவர்களோடு நம் ஆட்கள் மல்லுக்கு நின்றார்கள். பாதிப் பேருக்கு டப்பாக்காரியைக் கண்டாலே ஆகவில்லை. அவள் வரும் காட்சியைத் தள்ளி ஓட்டிவிடுவேன் என்றான் ஒருவன். இவளுக்கு ரோஷமே கிடையாதா என்றான் இன்னொருவன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தௌசீபுக்கு வாசித்து அனுப்பினேன். ராஜபாளையத்துக்காரர் ஒருவர், "தம்பி, உங்க வீட்டிலும் அத்தை மகள் உண்டோ?" என்று கேட்டிருந்தார். அதையும் வாசித்தேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் வாசித்தேன்.

தாணேயில் வண்டி மாற இறங்கும்போது பதில் வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"சஃப்ரீன், அந்த ராஜபாளையம் ஆளுக்குப் போடு. 'இருக்கா ப்ரோ. எங்க வீட்டு டப்பாக்காரி. எங்கயும் போகமாட்டா, அதான் அவசரமே இல்ல. அதுக்குள்ள வேற யாராவது செட் ஆகுதான்னு பாப்போம்.' பின்னாடி ரெண்டு சிரிப்பு போட்ரு."

பிளாட்பாரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பற்றி, என் கையாலேயே எழுதச் சொல்கிறான். பகையில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வலிக்குமே என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. ஐரோலி வண்டி இரண்டு என் முன்னாலேயே போயின. அந்தப் பதிலை நான் போடவில்லை. அழிக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டாவது, கடைசி எபிசோடு. மாமா வீட்டில், கீழே தோல்பை தைக்கும் பட்டறை, மேலே குடியிருப்பு. குடும்பமாகப் பார்ப்பதை லைவாகப் போடப்போவதாகத் தௌசீப் சொன்னான். அம்மாமார் அனிமே பார்த்துத் திட்டுவது சேனலுக்கு நல்ல தீனி. டிவி பக்கத்தில் போனை நட்டுவைத்து, என் உம்மா நூர் நிஷாவையும், அவன் உம்மா நஜ்முன்னிசா மாமியையும், எதிர்வீட்டுப் பிரபாவதி அக்காவையும் வரிசையாக உட்காரவைத்தான். மைக்கை என் கையில் கொடுத்து, கமெண்ட்டை நீ சத்தமாக வாசி என்றான். சரி என்றேன்.

மூன்று பேரும் முதல் எபிசோடிலிருந்து பார்த்து ஊறியவர்கள். கடைசியில் நான்கு பெண்களும் தைஷின் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, "நாம எல்லாரும் எப்பவும் இப்படியே இருந்துடலாமே" என்கிறான். அதோடு கதை முடிந்துவிட்டது.

"எடு செருப்ப!" என்று மாமி எழுந்தே விட்டாள். "நாசமாப் போறவன், அந்தப் புள்ளைய இத்தன நாளு சோறு கட்ட வச்சிட்டு இப்படியே இருப்பமாம்லா! இவன் என்ன பெரிய நவாபா?"

"பெத்தவ வயிறு எரியாதா?" என்றாள் உம்மா. "பொட்டப்புள்ளைய காக்க வைக்கது பாவம்லா."

பிரபாவதி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ மழையில நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி" என்றாள். இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தௌசீப் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. வாசி, வாசி என்று சைகை காட்டினான்.

இரண்டு கமெண்ட் வாசித்தேன். பிறகு, "போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஒருத்தர் கேட்டது பாக்கியிருக்கு" என்று சொல்லி, அந்தக் கேள்வியை வாசித்துவிட்டு, தௌசீபின் வாய்ஸ் நோட்டை மைக்கில் பிடித்து ஓடவிட்டேன். அவசரமே இல்ல என்பதும், வேற யாராவது செட் ஆகுதா என்பதும் அறை முழுக்கக் கேட்டது. லைவை நிறுத்தப் பாய்ந்த தௌசீப், நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று பாதியில் நின்றான்.

"அரே, ஜோக் அது" என்றான்.

நான் மாமியைப் பார்த்தேன். செருப்பை எடுக்கச் சொன்ன மாமியை.

"அதுக்கென்னளா இப்போ?" என்றாள் மாமி. "ஆம்பளப் புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுவான். இதப் போயி ஊரு கேக்கப் போடுதியே, நீ நல்லா இருப்பியா?"

உம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடு சஃப்ரீன், நாலு பேரு பாக்காங்க." பிரபாவதி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமெண்ட்டில், ஸ்கிரிப்ட் செம என்று ஒருவன், அக்கா ஆக்டிங் வேற லெவல் என்று ஒருத்தி.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? தௌசீப் மேல் வந்தது கொஞ்சம்தான். "ஏன் மாமி, பேப்பர்ல வரைஞ்ச ஒரு பொம்மைக்குச் செருப்பத் தூக்குனீங்க. உம்மா, நீயும் பாவம்னு சொன்னே. நான் மூணு வருஷமா நிக்கேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியா உங்களுக்கு?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கீழே பட்டறையில் தையல் மிஷின்கள் நின்றன. மாமா படியேறி வந்தார். என்ன சத்தம் என்றார். நான் மறுபடியும் வாய்ஸ் நோட்டை ஓடவிட்டேன். மாமா கடைசிவரை கேட்டார். மகனை ஓங்கி ஒரு அறை விட்டார்.

"நான் வாக்குக் குடுத்த புள்ளய ஊரு சிரிக்க வச்சியால? வார வெள்ளிக்கிழம நிக்காஹ். இனி ஒரு பேச்சும் கிடையாது."

அறைக்குள் மூச்சு திரும்பியது. மாமிகூடச் சரி என்பதுபோல உட்கார்ந்துவிட்டாள். உம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரபாவதி அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "ஜெயிச்சுட்டளா" என்றாள். போனில் இதயம் இதயமாகப் பறந்தது. டப்பாக்காரி ஜெயித்துவிட்டாள் என்று எழுதி எழுதித் தள்ளினார்கள். தௌசீப் கன்னத்தைத் தடவியபடி என்னைப் பார்த்து, "சலோ, இப்ப சந்தோஷமா?" என்றான்.

என்னை அசிங்கப்படுத்தியவனே எனக்குப் பரிசு. மேலப்பாளையத்துப் பெண்ணும் என் உம்மாவும் கேட்டது இதைத்தான். நத்சுகோவிடம் உனக்கு இவன் வேண்டுமா என்று அந்தப் பன்னிரண்டு எபிசோடில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா," என்றேன், "நிக்காஹ்ல சபைக்கு முன்னாடி பொண்ணுகிட்ட வந்து சம்மதமான்னு கேப்பீங்கள்ல? எத்தனையோ வீட்டுல நீங்கதானே போயிக் கேட்டிருக்கீங்க. என்கிட்ட இப்பவே கேளுங்க."

"வெள்ளிக்கிழம கேக்கத்தானேம்மா போறேன்?"

"இப்பக் கேளுங்க மாமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தோல் சாயம் பட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தோளில் கிடந்த கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். குரல் தானாகத் தணிந்தது. "அப்துல் ரவூப் மகன் தௌசீபுக்கு உன்னைய நிக்காஹ் செஞ்சு வைக்கதுக்குச் சம்மதமா?"

அந்த நேரத்தில் பெண்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பார்கள். பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் கலைந்துபோவார்கள். உம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"சம்மதமில்ல" என்றேன்.

மாமாவுக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ, மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மாமி, என் மகனுக்கு என்ன குறை என்று கத்த ஆரம்பித்தாள். உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா கையை உயர்த்தி இருவரையும் அடக்கிவிட்டு, மூன்றாவது முறையும் கேட்டார். இந்த முறை என்னிடம் கெஞ்சுவதுபோல இருந்தது. ஆனாலும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

பெண்ணிடம் கேட்டவர் திரும்பிப் போய்ச் சபைக்குச் சொல்லவேண்டும், அதுதான் முறை. மாமா அறையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, நிக்காஹில் சொல்கிற அதே குரலில், "பொண்ணுக்குச் சம்மதமில்ல" என்று சொன்னார்.