வாய் திறக்காத அத்தான்

கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய டாக்டருக்கே அன்று கை வேர்த்தது. ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தது சொந்த அக்கா புருஷன். இந்த வேலை தெரிந்த வேறு ஆள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

"சரியான கல்லுளிமங்கன்டா உங்க அத்தான்," என்று அக்கா வாசலிலேயே சொல்லியிருந்தாள். "உயிரே போனாலும் வலிக்குதுன்னு வாயத் திறக்கமாட்டாரு."

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் இடுப்புக்குள்ளேயே அடைத்துக் கிடந்தது. அதற்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிவலையை வைத்து, பலூனை ஊதி, குழாயின் சுவரோடு அழுந்தப் பதிக்க வேண்டும். பிடிமானம் போதாவிட்டால் அது நழுவிப் போய் வேறெங்காவது அடைத்துக்கொள்ளும். அதிகமாக ஊதினாலோ குழாய் கிழியும். அப்புறம் ஆளே மிஞ்சமாட்டார். எங்கே நிறுத்துவது என்பதை வலிதான் சொல்லும். அதற்காகவே மயக்கம் கொடுக்காமல், பலூனை உள்ளே விடத் தொடையில் ஊசி குத்திய இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார்.

பலூனை ஊதி இறக்கியதும் எக்ஸ்ரே திரையைப் பார்த்தார். ஸ்டென்ட்டின் மேல்முனை சுவரில் ஒட்டவே இல்லை.

மறுபடி ஊதினார். "வலிக்குதா அத்தான்?"

"எனக்கென்ன மாப்ளே, நீ பாட்டுக்கு அழுத்து."

இன்னும் கொஞ்சம். "இப்போ?"

"கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல."

அட, இந்த அழுத்தத்துக்கு எந்த மனுஷனும் முனகியாவது இருப்பானே! அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். போர்வைக்கு வெளியே அத்தானின் கால்விரல்கள் அத்தனையும் மடங்கி வெளுத்திருந்தன. சட்டென்று பலூனை இறக்கினார். நல்லவேளை, ரத்தம் கசியவில்லை. ஆனால் மேல்முனை இன்னும் ஒட்டவில்லை. இனி ஒரே ஒரு தடவைதான், அதற்குமேல் குழாய் தாங்காது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவியே. கை நடுங்குமே."

"மண்ணாங்கட்டி! நீங்க கத்தினாத்தான் எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். வீராப்பு காட்டி நீங்க போய்ச் சேர்ந்துட்டா, அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

டாக்டர் பலூனை மேல்முனைக்கு நகர்த்தி ஊதினார். சத்தமில்லை. இன்னொரு துளி. அப்போதும் சத்தமில்லை. பாவி மனுஷா, கத்தித் தொலையேன்! இன்னும் ஒரே துளி.

"ஐயோ, அம்மா!"

கை அந்தக் கணமே நின்றது. பலூனை இறக்கிப் பார்த்தார். திரையில் மேல்முனை சுவரை இறுகக் கவ்வியிருந்தது.

வெளியே அக்கா கதவைப் படபடவென்று தட்டினாள். "என்னடா ஆச்சு? கத்துறாரே!"

டாக்டர் கதவைத் திறந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஆமாக்கா," என்றார். "கத்திட்டாரு."