அம்மிக்கல் அம்மன்

அவனியாபுரத்துக்குத் தெற்கே, தெருவின் கடைசி வீடு சரண்யாதேவியுடையது. அதை ஒட்டிக் கிடந்த பொட்டலை பாண்டிராஜ் வாங்கிவிட்டார், மண்ணடித்து மேடாக்கிக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. மற்றவர்களுக்குக் கவலை மைக்செட்டும் வண்டி நெரிசலும். அவளுக்குக் கவலை மழை. நாலு தெருத் தண்ணீரும் அந்தப் பொட்டல் வழியாகத்தான் கண்மாய்க்குப் போகிறது. அங்கே மேடு எழும்பினால், தண்ணீர் அவள் வீட்டுக்குள்தான் குடியேறும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு அது.

தெருப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்து அலுத்தாயிற்று. கடைசியில், நம் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் கைவசம் இருக்கும் அந்த யோசனை அவளுக்கும் வந்தது. சித்திரை வெயிலில் தெரு கண்ணயர்ந்த ஒரு மத்தியானம், அவளும் எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணும் ஓர் உடைந்த அம்மிக்கல்லைத் தூக்கிப்போய் பொட்டலில் நின்ற வேப்பமரத்தடியில் நட்டார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினார்கள். சாமி இருக்கும் இடத்தில் எவன் மண்வெட்டி வைப்பான்?

வைக்கவில்லைதான். மண் தள்ள வந்த ஜேசிபிக்காரர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை யாரோ விளக்கேற்றினார்கள். அடுத்த வெள்ளி பொங்கல் வைத்தார்கள். பல வருஷமாகப் பிள்ளையில்லாத தங்கப்பொண்ணே, கல்லை நட்ட கையாலேயே மரத்தில் தொட்டில் கட்டினாள். ஆடியில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தெரு மொத்தமும் அந்தக் கல்லின் முன் விழுந்தது.

ஆவணியில் பாண்டிராஜ் வந்தார், பின்னால் இரண்டு மண் லாரிகளோடு. சண்டைக்குத்தான் வருகிறார் என்று எதிரே போய் நின்ற சரண்யாதேவி, அவர் கையில் இருந்த மாலையைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஆத்தா வெயில்ல நிக்கிறா. நானே கோயில் கட்டித் தாரேன். சாமி பள்ளத்துல இருக்கக் கூடாதுல்ல, இடம் பூரா மண்ணடிச்சு மேடாக்கிருவோம். பக்கத்துலயே மண்டபம்" என்றபடி மாலையைக் கல்லுக்குச் சாத்தினார் பாண்டிராஜ்.

மனுவில் கையெழுத்துப் போட்ட பெண்களே குலவையிட்டார்கள்.

"அண்ணே, அம்புட்டு மழைத்தண்ணியும் எங்கிட்டுப் போகும்?" என்றாள் சரண்யாதேவி.

"அதை ஆத்தா பாத்துக்கிருவா."

அவள் தங்கப்பொண்ணைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு வயிற்றில் கை வைத்தபடி, "பேசாம இருங்கக்கா" என்று கெஞ்சினாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு போகிறதே.

"அது சாமியில்லண்ணே. எங்க வீட்டு அம்மி. நான்தான் கொண்டாந்து நட்டேன்."

பாண்டிராஜ் ஒரு நொடிதான் முழித்தார். மனுஷன் லேசுப்பட்ட ஆளா? இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

"கேட்டீங்களா? ஆத்தா இந்த வீட்டுல இருந்துதான் எறங்கி வந்திருக்கா. இனிமே கோயில்ல மொத மாலை இந்த வீட்டுக்குத்தான்."

குலவை முன்னைவிடப் பலமாக எழுந்தது. தங்கப்பொண்ணு அந்த மாலையைக் கல்லிலிருந்து கழற்றி, கண்ணீரோடு எடுத்து வந்தாள். சாமி மாலையை வேண்டாமென்று சொல்ல சரண்யாதேவிக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் வாசலை ஒட்டி முதல் லாரி மண்ணைக் கொட்டியது.