நடக்காத கல்யாணம்

மோகனப்ரியாவின் தலையெழுத்தை அட்மிஷன் ஆலோசகன் ஸாத்விக் மூன்றே நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டான். "சான்ஸ் ட்வென்டி பர்சென்ட், நோடி சார், பாருங்க" என்று மடிக்கணினியை அவள் அப்பா பக்கம் திருப்பினான். எல்லையோர ராமாபுரத்தில் முதல் பஸ் பிடித்து மைசூருக்கு வந்து, சரஸ்வதிபுரத்து மாடி அறையில் ஏஸி குளிரில் கைகட்டி உட்கார்ந்திருந்த கரியப்பனுக்கு, அந்த இருபது நல்லதா கெட்டதா என்றே விளங்கவில்லை.

தனியார் பல்கலைக்கழகம். முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவள் படிப்பு அவ்வளவுதான். விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணி கெடு. மார்க்கில் குறையில்லை, தொண்ணூற்று நான்கு. குறை விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையிலாம். வாத்தியாரே இல்லாத பள்ளியில் இயற்பியலைத் தானே படித்ததைப் பற்றி எழுதியிருந்தாள்.

"இதுல கஷ்டமே இல்லையேம்மா. கமிட்டி அழணும்" என்ற ஸாத்விக், பத்து நிமிடம் தட்டித் தள்ளி அச்செடுத்து நீட்டினான். "எல்லாம் உண்மைன்னு அப்பா கீழ சைன் போடட்டும். இப்ப சான்ஸ் செவன்டி."

கரியப்பன் பேனாவைத் திறந்தார். மோகனப்ரியா தாளை இழுத்துப் படித்தாள். அப்பா குடிகாரர். பத்தாவது படிக்கும்போதே அவளுக்குக் கல்யாணம் வைத்தார். மணவறையிலிருந்து தப்பி ஓடிவந்த பெண் அவள். பீடிகூடத் தொடாத மனிதரைப் பற்றி இத்தனையும் இங்கிலீஷில்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க" என்று ஸாத்விக் குரலைத் தணித்தான். "அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

அந்த 'தெரியாதே'தான் அவளைக் கிளப்பிவிட்டது. அவன் முன்னாலேயே ஒரு வரி விடாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

கரியப்பன் ஸாத்விக் பக்கம் திரும்பினார். "இப்படி எழுதுனா சீட்டு கெடைக்குமுங்களா?" என்றார்.

"நல்ல சான்ஸ் சார்."

"அப்பச் சரி. நம்மூர்ல ஆரு வந்து இதப் படிக்கப் போறாங்க? நாங் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன். நீ படி கண்ணு."

அதைக் கேட்டதும் அவள் கோபம் அழுகையாக முட்டிக்கொண்டு வந்தது. பேனாவைப் பிடுங்கினாள். "அங்க நாலு வருசம் நாந்தானப்பா இருக்கோணும்? நீங்க என்னப் பாக்க வந்தா, இவருதானா அந்தக் குடிகாரருன்னு பாப்பாங்க. என்னால பொறுக்க முடியாதுங்கப்பா."

"ரிஸ்க்கும்மா. ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்றான் ஸாத்விக்.

"பண்ணட்டுங்க. என்னத்தான பண்ணுவாங்க, எங்கப்பாவ இல்லியே! கம்ப்யூட்டரக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

மணி நாலேகால். அவன் எழுதியதை அடியோடு அழித்துவிட்டு, இரண்டே விரலில் தட்டினாள். முடித்ததும் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்: "நான் பத்தாவது படிக்கறப்பப் பொண்ணு கேட்டு வந்தாங்க. 'புள்ள பரிச்சைக்குப் படிக்கறா, மெதுவாப் பேசுங்க'ன்னு எங்கப்பா சொன்னாரு. மோரு குடுத்து அனுப்பி வெச்சாரு. அன்னைக்கும் நான் படிச்சேன்."

கரியப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மோரு இல்ல கண்ணு, காப்பி. கையெழுத்துப் போடறதுன்னா சரியா இருக்கோணுமல்ல?"

அவள் மோரைக் காப்பியாக மாற்றி அச்செடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.