அரோகரா எந்தக் கேள்விக்கு விடை?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் மணிமொழி, நடந்ததை என்னிடம் நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நிதானம் போயிற்று. ஆறவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலையுச்சியில் மேகம் கவிந்திருந்த அந்த மாலையில், மணிமொழி—

(அடித்துவிட்டேன். மேகத்துக்கும் இந்த அநியாயத்துக்கும் சம்பந்தமில்லை.)

2

மணிமொழி கணினிக்கு எதிரியல்ல. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டால் பாடமும் போய்விடுகிறதே என்று, தன் வகுப்புகளைக் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பத் தொடங்கியவரே அவர்தான். புரியாத இடத்தை ஓட்டி ஓட்டிக் கேட்டே அருணாதேவி என்ற மாணவி வகுப்பில் முன்னுக்கு வந்தாள்.

[இங்கே அருணாதேவியின் அடக்கத்தை ஒரு பத்தி வருணித்திருந்தேன். எடுத்துவிட்டேன். அடக்கமானவளுக்குத்தான் நியாயம் கிடைக்க வேண்டுமா?]

பிறகு கல்லூரி ஒரு தேர்வு மென்பொருளை வாங்கியது. வீட்டிலிருந்தே எழுதலாம், கேமராவும் மைக்கும் காவல் இருக்கும். தேர்வு வைத்த நாள் பௌர்ணமி.* அருணாதேவியின் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. அவள் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க எழுதினாள். பாதியில் திரை நின்றது. ‘வேறு நபரின் குரல். முறைகேடு.’ மதிப்பெண் பூஜ்யம்.

வெளியே கூட்டம் “அரோகரா” என்று போய்க்கொண்டிருந்தது. புள்ளியியலில் அரோகரா எந்தக் கேள்விக்கு விடை?

* அந்தத் தேதி வேண்டாம் என்று மணிமொழி முன்பே சொன்னார். மென்பொருள் கம்பெனி கொடுத்த தேதி, மாற்ற முடியாது என்றார்கள்.

3

முதல்வர் சகாதேவனிடம் மணிமொழி ஒன்றுதான் கேட்டார்: பதிவான குரலை நாம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே. அது கம்பெனியிடம் இருக்கிறது, நமக்குத் தரமாட்டார்கள் என்றார் அவர். சிஸ்டம் பொய் சொல்லாது என்றும் சொன்னார்.

அடுத்த பௌர்ணமிக்கு மணிமொழி அருணாதேவி வீட்டுக்குப் போனார். அதே அறை, அதே மேசை. மாதிரித் தேர்வைத் தன் பெயரில் திறந்து எழுதினார். மூன்றாவது கேள்வியிலேயே திரை நின்றது. பேராசிரியை மணிமொழி: முறைகேடு.

மறுநாள் அந்த அறிவிப்பை அச்செடுத்து முதல்வரின் மேசைமேல் வைத்தார். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உங்கள யாருங்க மேடம் சந்தேகப்படப் போறாங்க?”

“அப்ப அவள மட்டும் எப்படி சார் சந்தேகப்பட்டீங்க?”

சிரிப்பு நின்றது. கல்லூரியிலேயே மறுதேர்வு வைக்கலாம் என்று இறங்கிவந்தார். ஆனால் ‘முறைகேடு’ என்ற சொல் பதிவில் இருக்கும். அதை அழிக்கும் வசதி கல்லூரிக்கு இல்லையாம். பழி போட ஒரு பொத்தான் இருக்கிறது, எடுக்க இல்லை.

நல்ல சேதி என்று நினைத்துத்தான் மணிமொழி அருணாதேவியிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டவில்லை.

“நான் திருடலைனு மொதல்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க மேம். அப்புறம் எழுதறேன்.”

பிடிவாதம் வேண்டாம், வருஷம் வீணாகிவிடும் என்று சொல்ல மணிமொழி வாயெடுத்தார். ஆனால் அந்தப் பெண் கேட்டதில் எது ஜாஸ்தி என்று அவருக்குத் தெரியவில்லை.

4

முதல் முடிவு: அருணாதேவி மறுதேர்வு எழுதி முதலிடம் வாங்குகிறாள். (கிழித்துவிட்டேன். முதலிடம் வாங்காவிட்டால் அவள் திருடியா?)

இரண்டாவது: சகாதேவன் மனம் மாறி மன்னிப்பு— (இதை என் பேனாவே நம்பவில்லை.)

மறுதேர்வு திங்கட்கிழமை. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதுங்கள். அவளை அந்த நாற்காலியில் உட்காரவைப்பதுதான் உங்கள் முடிவென்றால், அவள் கேட்ட அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரவையுங்கள்.