பேர் வைக்காத கிருமி

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தேவிப்ரியா பிடித்தது குரங்கு என்று தெரிய அவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

சேலத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பம். அந்த வீட்டில் பேருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளப் போகும் முதல் ஆள் அவள்தான். மழை பொய்த்த ஒரு வருஷம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் கைலாசம் என்பவருடைய மரவள்ளிக் காட்டில், அந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்குக் காட்டில், எல்லாச் செடியும் இலையைக் கொட்டிவிட்டு நிற்க, ஒரே ஒரு செடி மட்டும் பச்சை மாறாமல் நின்றது. அதன் வேரடி மண்ணை எடுத்துவந்து, அதிலிருந்த கிருமிகளை ஆய்வகத் தட்டில் வளர்த்தாள். அதில் இருபத்தேழாவதாகப் பிரித்தெடுத்த கிருமி படு கெட்டிக்காரக் கிருமியாக இருந்தது. அதை வேரில் ஏற்றிய செடி தண்ணீரே இல்லாமல் பதினெட்டு நாள் தாங்கியது. உப்பு மண்ணிலும் தாங்கியது. தட்டில் வைத்தால் நாற்பத்திரண்டு டிகிரிச் சூட்டிலும் சளைக்காமல் வளர்ந்தது, அழகாகப் பச்சை நிறம் கசிந்தது, மூடியைத் திறந்தால் திராட்சை வாசம் அடித்தது. சேலத்து வெயிலுக்கென்றே பிறந்தது என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.

சூடு, பச்சை, வாசம் மூன்றும் சேர்ந்தால் என்ன கிருமி என்று கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். தேவிப்ரியாவும் அதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் ஆசையாக வளர்த்ததன்மேல் யாருக்குச் சந்தேகம் வருகிறது? மரபணுவைப் படித்துப் பேர் கண்டுபிடிக்க அனுப்பலாமா என்று ஒருமுறை கேட்டாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பாலசுந்தரம் சிரித்தார்.

"பிள்ளை பொறந்தப்புறந்தானேம்மா பேர் வைக்கறோம்? மொதல்ல காட்டுல வேலை செய்யுதான்னு பாரு. பட்டம் போயிரும்."

அவர் சொன்னது நடவுப் பட்டத்தை. அவள் காதில் விழுந்தது மற்றப் பட்டம். பேர் வைக்காமலே அந்த இருபத்தேழாம் கிருமியை வெல்லத் தண்ணீரில் பெருக்கி, கேன்களில் ஊற்றிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

கைலாசத்தின் மனைவி ராமாத்தாள்தான் அந்தத் தண்ணீரில் கிழங்குக் குச்சிகளை முக்கி முக்கி நட்டாள். பாதிக் காட்டுக்கு முக்கியது, பாதிக் காட்டுக்கு முக்காதது. ஐம்பத்து மூன்று வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. ரப்பர் கையுறையை நீட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏஞ்சாமி, இது கடிச்சுப்போடுமா?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. நம்ம தயிர்ல இருக்குதுல்ல, அந்த மாதிரி. நல்ல கிருமிங்க. வேருக்கு நோவு வந்தா அதுவே ஆத்திப்போடும்."

சொன்னவளுக்கே அந்த வாக்கியம் பிடித்திருந்தது. மாதம் ஒருமுறை வேரில் ஊற்றச் சொல்லி, மீதியைப் பாட்டில்களில் அடைத்து ராமாத்தாள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

நட்ட ஏழாம் மாதம் கைலாசத்திடமிருந்து ஃபோன் வந்தது. முள் ஏறி, சீழ் வைத்து, ராமாத்தாளுக்கு இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்களாம். புண் ஆறமாட்டேன் என்கிறதாம். தேவிப்ரியாவுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. சர்க்கரை இருந்தால் அப்படித்தாங்க, பார்த்துக்குங்க என்று சொல்லி வைத்தாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கிருமியின் பேர் வேண்டும் என்பதால் கடைசியில் அனுப்பியிருந்த பரிசோதனைக்கு, அடுத்த திங்கட்கிழமை மின்னஞ்சலில் பதில் வந்தது.

சூடோமோனாஸ் ஏருஜினோசா.

மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் எங்கேயும் இருக்கிற கிருமிதான். நல்ல உடம்புக்காரரை ஒன்றும் செய்யாது. தீப்புண்ணிலோ சர்க்கரைப் புண்ணிலோ புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது, பாதி மருந்துக்கு மசியாது. நாற்பத்திரண்டு டிகிரி தாங்குகிறதற்கு மனுஷ உடம்புச் சூடு எம்மாத்திரம்? தேவிப்ரியா அந்த மின்னஞ்சலை நான்கு தடவை படித்தாள். பிறகு குளியலறைக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பாலசுந்தரம் நிதானமாகத்தான் பேசினார். "இதே கிருமிய வெச்சு நூறு பேரு தீசிஸ் போட்டிருக்காங்க. நீ காட்டு வேலையை எடுத்துரு, சட்டிச் செடியோட நிறுத்திக்க. அந்தம்மாவுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாரு சொன்னது? எங்கிருந்து வேணாலும் வந்திருக்கலாம். சமர்ப்பிச்சுட்டுப் போய்ப் பாரு."

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதனால்தான் அவளால் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. கைலாசத்தின் எண்ணைத் திரையில் எடுப்பாள், கூப்பிடாமல் வைத்துவிடுவாள். புண்ணில் தண்ணீர் பட விடாதீங்க, அந்தப் பாட்டிலைத் தொடாதீங்க என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் அட்டவணைகளைத் திருத்தினாள், காட்டைப் பற்றிய நாற்பது பக்கத்தை அழித்தாள், பக்க எண்களை மாற்றினாள். ஒரு புதன்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வியாழக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

ரோட்டோரம் காத்திருந்த கைலாசம் அவளை நேராகக் காட்டுக்குத்தான் கூட்டிப்போனார். இரண்டு மாதமாகப் பொட்டு மழை இல்லை. இடதுபக்கம் செடியெல்லாம் குச்சியாக நின்றது. வலதுபக்கம் ஆள் உயரத்துக்கு, கண்ணுக்குக் குளிர்ச்சியாக, இலை தொங்காமல் நின்றது.

"பாத்தீங்களா மேடம், உங்க தண்ணி ஊத்துன பக்கத்த? அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. எங்களுக்கும் வேணுமுங்கறாங்க."

மூன்று வருஷமாக அவள் கனவு கண்ட காட்சி. அவள் அதிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். "அக்காவுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள்.

கைலாசம் செடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மொழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு நெனச்சேன். பரிச்சை நேரத்துல எதுக்குன்னு அவதான் வேண்டாமுன்னுட்டா."

வீட்டுக்குப் போனதும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு துணிப்பையோடு கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "இங்கிலீசுல இருக்குது. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. மாட்டுத் தொட்டிக்கு ஓடற மோட்டார நிறுத்திப்போட்டு வாரேன்" என்று வெளியே போனார். மூன்றாவது தாளில் இருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பேர், தட்டச்சில், எழுத்துப் பிழை இல்லாமல்.

ராமாத்தாள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. முகம் பாதியாகியிருந்தது. இருந்தும் அவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா சாமி. நீயே வந்துட்ட. இவரு போனதும் நல்லதாப் போச்சு, உங்கிட்டத் தனியாக் கேக்கோணும்னு இருந்தேன். அந்தப் பாட்டிலு இன்னொண்ணு இருக்குதா?"

"எந்தப் பாட்டிலுங்க்கா?"

"உன்ற நல்ல கிருமித் தண்ணிதான். தீந்துபோச்சு." ராமாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆசுபத்திரி மருந்து என்ன போட்டும் புண்ணு கேக்கல. வேருப் புண்ணையே ஆத்துதே, காலுப் புண்ணை ஆத்தாதான்னு, வெரல எடுத்ததுல இருந்து ராத்திரியும் பகலும் துணியில நனைச்சு வெச்சுட்டுத்தான் இருந்தேன். என்ற கெரகம், அப்படியும் காலு போயிருச்சு. இப்ப எடுத்த எடத்துலயும் நீரு வடியுது. டாக்டருக்குத் தெரிஞ்சாத் திட்டுவாரு, எதையெதையோ தடவுறேன்னு. அப்பறம் யாரு குடுத்ததுன்னு கேட்டா உம் பேரச் சொல்லோணும். அதான் அவருகிட்டயும் சொல்லல, இவருகிட்டயும் சொல்லல."

தேவிப்ரியா காகிதங்களை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். பாட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் பச்சையாக நிற்கிற செடியின் வேரடி மண்ணை யாராவது கரைத்துக் கொடுப்பார்கள், இவளும் தடவுவாள்.

"அக்கா, அதத் தடவாதீங்க. அது நல்ல கிருமி இல்லீங்க. செடிக்கு நல்லது. புண்ணுக்கு வெசமுங்க." அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "இந்தக் காகிதத்துல இருக்கறதும் அதே பேருதாங்க. எனக்குத் தெரியாம நடந்துபோச்சுங்க்கா."

ராமாத்தாள் அவள் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். காட்டில் மோட்டார் நின்றது.

"தெரியாமத்தானே குடுத்த?"

"சத்தியமாத் தெரியாதுங்க்கா."

"உடு சாமி. தெரிஞ்சா குடுப்பியா நீ?" அவள் கை நீண்டு தேவிப்ரியாவின் தலையைத் தொட்டது. பிறகு, வேறொன்றும் தோன்றாததால் கேட்பதுபோலக் கேட்டாள். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

நேத்துங்க என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தலைமேல் இருந்த கைதான் அதைச் சொல்ல விடவில்லை.

"இருபத்துநாலு நாளாச்சுங்க. ஒரு திங்கக்கெழமை."

கை தலையிலிருந்து எடுபட்டது. ராமாத்தாள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அன்றைய வியாழனிலிருந்து பின்னோக்கி, கால் போன வெள்ளி வரைக்கும் வந்து நிறுத்தினாள். அங்கிருந்து மறுபடி தொடங்கி, அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் போனாள். பதினோரு நாள் இருந்தது. இன்னொரு தடவை எண்ணிச் சரிபார்த்தாள்.

கைலாசம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ராமாத்தாள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றாள், தேவிப்ரியாவைப் பார்க்காமல். "இந்தப் பொண்ணுக்கு பஸ்சுக்கு நேரமாச்சாம். ரோடு வரைக்கும் கொண்டுபோய் உட்டுட்டு வந்துருங்க."