பிறந்த வீட்டுக்குப் போன சிம்டா

மாதப் பிறப்புக் காலைக் கீர்த்தனையில் நான் ஒழுங்காக வாசித்தால்தான், சீக்கியர்களின் ஹோலா திருவிழாவுக்கு ஆனந்த்பூர் போகும் வேனில் எனக்கு இடம். கீர்த்தனைக் குழுத் தலைவர் ஹாகம் சிங் அப்படித்தான் சொல்லியிருந்தார். மாலை வகுப்பில் சில்லுகள் கோத்த நீள இரும்பு இடுக்கி போன்ற என் தாள வாத்தியமான சிம்டாவைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே புகார், அது வாயை மூடுவதே இல்லை என்பது. தபலா ஒன்று சொன்னால் நான் நான்கு சொல்வேன். புகார் நியாயமானதுதான் என்று எனக்கும் தோன்றும். ஆனாலும் கை நிற்காது.

மாதப் பிறப்பன்று காலை கை கழுவிவிட்டு வந்தபோது, குருத்வாரா சமையற்கூட வாசலில் நான் சாத்தி வைத்திருந்த சிம்டாவைக் காணவில்லை. உள்ளே அதன் பித்தளைச் சில்லுகள் கலகலத்தன. சமையல் பார்க்கும் ஹர்தேவ் கவுர் அம்மா பெரிய தவாவின் முன் உட்கார்ந்து, அதைக்கொண்டு ரொட்டி திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய இடுக்கியின் ஆணி கழன்றுவிட்டதாம். என்னுடையது நீளமாக இருப்பதால் முகத்தில் அனல் அடிக்கவில்லை என்று பாராட்டவும் செய்தார்.

"பீபி ஜி, பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க. அது வாத்தியம்," என்றேன்.

"ரொட்டி திருப்புற இடுக்கியிலதானே சில்லைக் கோத்து உங்க ஆளுங்க மேடைக்குக் கொண்டு போனாங்க? பொண்ணு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கா. உடனே கூட்டிட்டுப் போகணும்னு வந்து நிக்கிறியே, நீ என்ன மாப்பிள்ளையா?"

மாவு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். உருண்டைகள் தீரும்வரை நின்றேன்.

ஆர்மோனியம் தொடங்கிய பிறகுதான் அவர் சிம்டாவைத் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தார். ஓடிப்போய் உட்கார்ந்து முதல் தட்டுத் தட்டியதும் விரல் சுரீரென்றது. துணி சுற்ற நேரமில்லை. இல்லாமல் முடியாத இடத்தில் மட்டும் தட்டி, உடனே விரலை எடுத்தேன். மற்ற நேரமெல்லாம் அடுத்த தட்டுக்குப் பயந்துகொண்டு தாளத்தை எண்ணினேன். தபலாக்காரர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் ஹாகம் சிங் என் பக்கம் சாய்ந்து, "இன்னிக்குத்தான்டா உனக்கு அடக்கம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு," என்றார்.

அது என் அடக்கமா, இரும்பின் சூடா என்று எனக்கே சந்தேகம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள், என் தட்டை மற்றவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக அவர் சிம்டாவை வாங்கி, நடுவில் பிடித்துவிட்டார்.

சத்தமில்லாமல் விரிப்பில் வைத்தார். விரல்களை ஊதிக்கொண்டே சமையற்கூடத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"வேன்ல அடுப்பு ஏத்த இடமில்ல," என்றார். "உனக்கு இருக்கு. வா. ஆனா ஆறிப்போனாலும் சுடுதுன்னே நெனச்சு வாசி."